பேட்டரி மாற்றியும் தீராத மின்கோளாறு: சர்வீஸுக்கு விடும் முன் செய்ய வேண்டியவை

இரண்டு மூன்று நாள் நிறுத்தி வைத்தால் கார் ஸ்டார்ட் ஆவதில்லை. புதுப் பேட்டரி போட்டாலும் அதே தொல்லை திரும்புகிறது. சர்வீஸ் சென்டரில் வண்டி நிற்கும் சில மணி நேரத்தில் இக்கோளாறு பெரும்பாலும் தலைகாட்டாது என்பதால், "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே, கையில் அளவுகளோடு போங்கள்.

முதலில், கோளாறு வரும் ஒவ்வொரு முறையும் தேதி, வண்டி நின்ற நேரம், எரிந்த எச்சரிக்கை விளக்கு ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து, வீடியோவும் எடுத்து வையுங்கள்.

அடுத்து, இரவு முழுதும் நின்ற வண்டியின் பேட்டரியை மல்டிமீட்டரால் (வோல்ட், ஆம்பியர் அளக்கும் கருவி) அளக்க வேண்டும். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. டெர்மினலில் பூத்திருக்கும் வெண்பச்சைப் பொடியையும், தளர்ந்த எர்த் வயரையும் அப்போதே பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியமான படி: நிற்கும் வண்டி எவ்வளவு மின்சாரத்தைக் குடிக்கிறது என்று அறிவது. (ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடவே கூடாது.) பேட்டரியைக் கழற்றினால், வண்டியின் கணினியில் பதிவான ஃபால்ட் கோடுகள் (கோளாறைச் சொல்லும் குறியீடுகள்) அழியக்கூடும் என்பதால், முன்பே ஸ்கேனர் கருவியில் அவற்றைப் படித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, சாவியைத் தள்ளி வைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே 10 ஆம்பியர் அளவில் மீட்டரை இணையுங்கள். மீட்டர் இணைந்திருக்கையில் ஸ்டார்ட் செய்தால் அதன் ஃபியூஸ் போய்விடும். வண்டியின் கணினிகள் உறங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதன்பின் மீட்டர் காட்டும் அளவு பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் (0.05 ஆம்பியர்) இருக்க வேண்டும். கூடினால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுக்கையில் அளவு சட்டென்று இறங்குகிறதோ, அந்த இணைப்பில்தான் கோளாறு.

என் வண்டியில் 0.4 ஆம்பியருக்குக் கீழே இறங்கவே இல்லை. உள்விளக்கு ஃபியூஸை எடுத்ததும் இறங்கியது. டிக்கிக்குள் செல்போனை வீடியோவில் ஓடவிட்டு மூடினேன். மூடிய பிறகும் உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருந்தது! இரண்டு பேட்டரிகளைத் தின்றது, டிக்கியை மூடியதும் விளக்கை அணைக்க வேண்டிய, பழுதான ஒரு சிறிய ஸ்விட்ச்தான்.

இனி சர்வீஸ் சென்டர். ஜாப் கார்டில் (செய்ய வேண்டிய வேலையை அவர்கள் குறிக்கும் தாள்) "பேட்டரி செக்" என்று எழுதினால் கையெழுத்திடாமல், "48 மணி நேரம் நின்றால் ஸ்டார்ட் ஆவதில்லை; நிற்கையில் 0.4 ஆம்பியர் இழுக்கிறது" என்று உங்கள் அளவுகளோடு எழுதச் சொல்லுங்கள். வண்டியை ஓரிரவு வைத்திருந்து அளக்கவும், ஃபால்ட் கோடுகளை அழிக்கும் முன் அச்சிட்டுத் தரவும் கேளுங்கள். வெளிக்கடையில் பொருத்திய ஸ்டீரியோ, அலாரம் இருந்தால் மறைக்காதீர்கள். கோளாறு இல்லை என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். வாரண்டிக்குள் நீங்கள் புகார் செய்ததற்கு அதுவே சான்று. மூன்றாம் முறையும் தீராவிட்டால், எல்லா ஜாப் கார்டு நகல்களையும் இணைத்து, கார் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுத்துப்பூர்வமாக அனுப்புங்கள்.

சரிசெய்த வண்டி வந்த அன்றிரவே மீண்டும் அளந்து, அந்த எண்ணையும் அதே நோட்டில் எழுதுங்கள்.