ஆறு இலக்கம் கேட்டு அழைப்பு வந்தால்

போன மாதம் ஹட்டனில் ஒரு கொமினிகேஷன் கடையில் ரீலோட் போட நின்றேன். கொழுந்து எடுத்துவிட்டு நேரே வந்திருந்த அக்கா ஒருவர், ஸ்கிரீன் உடைந்த போனைக் கடைத் தம்பியிடம் நீட்டினார். அவன் கவரைக் கழற்றியதும் உள்ளேயிருந்து மடித்த காகிதத் துண்டு ஒன்று விழுந்தது. வங்கி அட்டையின் பின் நம்பரும் அடையாள அட்டை இலக்கமும் அதில் எழுதியிருந்தன. "மறந்துபோகுது தம்பி, அதான்" என்றார். அவன் நல்ல பையன், காகிதத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தான். ஆனால் பஸ்ஸில் தவறவிட்டால் எடுப்பவன் யாரோ?

பேஸ்புக் கணக்கைக் கடையில் திறந்துகொள்வதும் இப்படித்தான். பாஸ்வேர்ட் கடைக்காரருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். கணக்கில் உங்கள் நம்பர்தான் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எங்கள் ஊரில் அதிகம் பேர் மாட்டுவது ஓடிபியில்தான், அதாவது ஒரு தடவை மட்டும் பாவிக்க நம் போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தில். தெரிந்தவரின் வட்ஸ்அப்பிலிருந்தே செய்தி வரும்: "மாமி, தவறுதலா உங்க நம்பருக்கு ஆறு இலக்கம் அனுப்பிட்டேன், சொல்லுங்க." அனுப்புவது அவரல்ல, அவர் கணக்கைப் பிடித்துவைத்திருக்கும் மோசடிக்காரன். சொல்லிவிட்டால் உங்கள் வட்ஸ்அப்பும் அவன் போனில் திறந்துவிடும். அப்புறம் அவன் உங்கள் பெயரில் சொந்தக்காரரிடமெல்லாம் பணம் கேட்பான். மாட்டிவிட்டால் அழுதுகொண்டு உட்கார வேண்டாம். உங்கள் நம்பரைப் போட்டு வட்ஸ்அப்பைத் திரும்பப் பதிவு செய்யுங்கள். புதுக் குறியீடு உங்கள் சிம்முக்குத்தான் வரும், அதைப் போட்டதும் அவன் வெளியே போய்விடுவான். அவன் தனியாக ஒரு பின் வைத்திருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அந்தப் பின்னை நீங்களே இன்றைக்கே வைத்துவிட்டால் இந்தப் பாடே இல்லை. செட்டிங்ஸில் அக்கவுண்ட், அதில் டூ ஸ்டெப் வெரிபிகேஷன். வங்கி ஓடிபியைச் சொல்லியிருந்தால் முதலில் வங்கிக்கு அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

அரசின் அஸ்வெசும நிவாரணப் பணம், வெளிநாட்டு வேலை என்று வரும் லிங்க்கை அழுத்த வேண்டாம். ஏஜென்சிக்கு அனுமதி இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்கலாம்.

பெண்பிள்ளைகளின் படத்தை வைத்து மிரட்டும்போது நடக்கும் தவறு இன்னும் கொடியது. வெட்கத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள், பணமும் கட்டுகிறார்கள். கட்டினால் மறுபடி கேட்பான். அழித்தால் சாட்சி போய்விடும். ஸ்கிரீன்ஷொட், நம்பர், தேதி, பணம் போட்ட பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தயவுசெய்து பிள்ளையை அடிக்காதீர்கள்; குற்றம் செய்தது அவள் அல்ல.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி, அனுமதியில்லாமல் இன்னொருவர் கணக்குக்குள் நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், சிலவேளை இரண்டும். விளையாட்டுக்கு நண்பனின் கணக்கைத் திறக்கும் பையன்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 இன் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஒருவரைத் துன்புறுத்த அவருடைய அந்தரங்கத் தகவலை வெளியிடுவதைக் குற்றமாக்குகிறது. அது பேச்சுச் சுதந்திரத்தைக் கட்டிப்போடும் என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் இந்த ஏற்பாடு நமக்குத் தேவையானதுதான்.

உதவிக்கு அழைக்க, கணினிப் பாதுகாப்பைப் பார்க்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் 101, பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929. பொலிஸில் முறைப்பாடு கொடுக்கும்போது எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். 1987 இல் வந்த 13 ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி, கேட்பது உங்கள் உரிமை. புரியாத சிங்களத்தில் எழுதியதன் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.