ஆல்ப் துவெஸ்ல ரோட்ட மூடிட்டாங்க, நடந்தே ஏறிட்டோம்

2022 ஜூலை 14, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸோட 12வது ஸ்டேஜ், பிரான்ஸ்ல ஆல்ப் துவெஸ்ங்கிற மலை மேல முடியும். கிரனோபிள்ல ஃப்ரெண்ட்ஸ் வீட்ல தங்கி காலைல கார்லயே மேல போயிடலாம்னு நெனச்சேன், ஆனா அடிவாரத்துலயே போலீஸ் தடுத்துட்டாங்க, ரேஸுக்கு ரொம்ப முன்னாடியே ரோடு க்ளோஸ். சரின்னு வண்டிய கீழயே விட்டுட்டு ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி, தொப்பி எடுத்துட்டு நடந்தோம். மொத்தம் 21 கொண்டை ஊசி வளைவு, போர்டு நம்பர் 21ல இருந்து கொறஞ்சுட்டே வரும், அதப் பாத்தே தெம்பு வந்துச்சு. செம வெயிலு. 7ம் நம்பர் வளைவுல நெதர்லாந்துக்காரங்க கூட்டம், எல்லாம் ஆரஞ்சு கலர், அங்கயே எடம் புடிச்சோம். பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் டாம் பிட்காக் தனியா ஏறி வந்தாரு, தாடைல வேர்வ சொட்டுறது தெரிஞ்சுது, அவ்ளோ கிட்ட! அன்னிக்கு ஸ்டேஜ அவர்தான் ஜெயிச்சாரு. போறவங்க விடியக்காலைலயே நடக்க ஆரம்பிச்சுடுங்க.