சூடக்கரியும் இரண்டு பிளேடும்: செங்கோட்டைச் சாரலில் இரட்டைப் பிளவுச் சோதனை

கண்ணாடியில் ஒரு கீறல் போட்டு லேசரை அடித்தாலே சுவரில் வரிவரியாக ஏதோ தெரியும். அதைப் பார்த்துவிட்டு, இரண்டு பிளவுகளின் ஒளி அலைகள் கலந்து வெளிச்சமும் இருளுமாக விழும் குறுக்கீட்டு விளைவு வந்துவிட்டது என்று முடித்துக்கொள்பவர்கள்தான் அதிகம். அது பெரும்பாலும் ஒற்றைப் பிளவின் விளிம்பு விளைவு, அதாவது ஒரே பிளவின் ஓரங்களில் ஒளி வளைந்து பரவுவது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் சோதனைக்கு அர்த்தம். அதற்கு முதலில் கரி பிடித்த கண்ணாடியில் கீறும் இரண்டு பிளவுகளும் ஒழுங்காக அமைய வேண்டும். முக்கால்வாசி வேலை அங்கேதான்.

நுண்ணோக்கிக்கு வைக்கும் கண்ணாடிச் சில்லு நான்கு வாங்கிக்கொள்ளுங்கள், குறைந்தது இரண்டு வீணாகும். கரி பிடிக்க மெழுகுவர்த்தி போதும் என்றாலும் சூடக்கரி இன்னும் மென்மையாக, அடர் கறுப்பாகப் படியும். தென்காசி பக்கத்துச் செங்கோட்டையில் ஜூன், ஜூலைச் சாரலில் கண்ணாடியே ஈரம் கோத்திருக்கும். போதாக்குறைக்குச் சுடரிலிருந்து வரும் நீராவியும் குளிர்ந்த கண்ணாடியில் படியும். அந்த ஈரத்தின் மேல் கரி திட்டுத்திட்டாகத்தான் ஒட்டும். எனவே சில்லைத் துடைத்து, சற்றுச் சூடேற்றி, பிறகு கரி பிடியுங்கள். துணிக்கிளிப்பில் பிடித்துச் சுடர் நுனிக்கு மேலே ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரே இடத்தில் நிறுத்தினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தெரியக் கூடாது; அதற்கு மேல் கரி ஏற்றினால் கீறும்போது செதிலாக உரியும்.

இரட்டைமுனைச் சவர பிளேடின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. இரண்டைச் சேர்த்து ஒட்டினால் முனைகளுக்கு இடையே அதே 0.1 மி.மீ. வரும். நடுவில் ஒரு ஜெராக்ஸ் தாள் துண்டைச் செருகினால் ஏறக்குறைய 0.2 மி.மீ.; அளக்க இதுவே வசதி. மற்ற முனைகளை டேப்பால் மூடிவிட்டு, இரு முனைகளும் சமமாகக் கண்ணாடியில் பதியும்படி அடிக்கோல் ஓரமாக ஒரே இழுப்பு. அழுத்த வேண்டாம். சரியாக விழவில்லையே என்று அதே தடத்தில் இன்னொரு முறை இழுத்தால் இரண்டு பிளவும் ஒன்றாகிவிடும். பக்கத்தில் புதிதாக இழுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இரண்டு மயிரிழைக் கோடுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

ஒரு சிரட்டையில் மணல் நிரப்பி, அது உருளாமல் டேப் வளையத்தின் மேல் வைத்து, சில்லை அதில் செங்குத்தாக நட்டுவிடலாம். லேசரின் பொத்தானைத் துணிக்கிளிப் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஒளிக்கற்றை இடுப்பு உயரத்திலேயே போகட்டும். பீரோக் கண்ணாடி எதிரே இருந்தால் துணி போட்டு மூடுங்கள். 5 மில்லிவாட்டுக்கு உட்பட்ட லேசர்கூடக் கண்ணுக்கு விளையாட்டுப் பொருள் அல்ல. சுவர் 3 மீட்டர் தள்ளி, அறை இருட்டாக இருக்க வேண்டும்.

பாடப் படத்தில் இருப்பதுபோல நெடிய பட்டைகளை எதிர்பார்க்காதீர்கள். கற்றையே இரண்டு மூன்று மி.மீ. அகலம்தான் என்பதால் கிடைமட்டமாக ஒரு புள்ளி வரிசைதான் விழும். இரு பிளவுகளிலிருந்தும் சுவரின் ஓரிடத்துக்கு வரும் தூரம் சமமாக இருந்தாலோ, முழு அலைநீளக் கணக்கில் (ஒளி அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை ஓர் அலைநீளம்) வேறுபட்டாலோ வெளிச்சம். அரை அலைநீளம் பிசகினால் இருட்டு.

இப்போது பரிசோதனைக்கே ஒரு பரிசோதனை. இன்னொரு பிளேடின் ஓரத்தை மெல்ல நகர்த்தி ஒரு பிளவை மட்டும் மறையுங்கள். நெருக்கமான புள்ளிகள் மறைந்து அகன்ற ஒளித்திட்டு மட்டும் மிஞ்சினால் நீங்கள் பார்த்தது உண்மையான குறுக்கீடு. எதுவுமே மாறவில்லை என்றால் கற்றை முதலிலிருந்தே ஒரு பிளவில்தான் விழுந்திருக்கிறது. இன்னொரு அடையாளம்: ஒற்றைப் பிளவில் நடுத்திட்டு மற்றவற்றைப்போல் இரு மடங்கு அகலம், இரட்டைப் பிளவில் இடைவெளிகள் சமம்.

நடுவில் கண்கூசும் பொட்டு விழுந்தால் கரி மெலிந்து ஒளி கசிகிறது. இருள் முழுக் கறுப்பாகாவிட்டால் ஒரு பிளவு மற்றதைவிட அகலம். சில்லை மேலும் கீழும் நகர்த்தும்போது இடைவெளி மாறினால் கோடுகள் இணையாக இல்லை. மூன்றுக்கும் மருந்து ஒன்றே, புதுச் சில்லு.

பட்டை அகலம் (அடுத்தடுத்த இரு புள்ளிகளின் இடைவெளி) = அலைநீளம் × சுவர் வரை தூரம் ÷ பிளவு இடைவெளி. சிவப்புக்கு 650 நானோமீட்டர் என்று வைத்தால், 3 மீட்டரில், 0.2 மி.மீ. பிளவு இடைவெளிக்கு 9.75 மி.மீ. ஒரு புள்ளி இடைவெளியை மட்டும் அளக்காமல் ஆறைச் சேர்த்து அளந்து வகுங்கள். சுமார் 58 மி.மீ. வர வேண்டும். 532 நானோமீட்டர் பச்சை லேசரில் அதே ஆறு 48 மி.மீ. ஆகச் சுருங்கும். மலிவுச் சிவப்பு லேசர்களின் லேபிளில் 630–680 என்றுதான் போட்டிருக்கும், ஆகவே நான்கு சதவீதம் முன்னே பின்னே வந்தால் உங்கள் கையைக் குறை சொல்ல வேண்டாம்.

இரட்டைப் பிளவுச் சோதனை யார் பெயரில் வழங்குகிறதோ அந்த ஆங்கில அறிவியலாளர் தாமஸ் யங் 1803இல் லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கிய சோதனையில் பிளவே கிடையாது. ஊசித்துளை வழியாக வந்த சூரியக் கற்றையை, அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டால் இரண்டாகப் பிரித்தார். சாரல் மாதத்தில் செங்கோட்டையில் அந்தச் சூரியனை நம்ப முடியாது. ஆனால் லேசர் முகப்பில் ஒரு தலைமுடியை நெட்டுக்குத்தாக ஒட்டினால் அட்டையின் வேலையை அது செய்யும். முடி 0.07 மி.மீ. என்றால் அதே சுவரில் இருள் கோடுகள் 28 மி.மீ. இடைவெளியில் விழும்.