உயிர்ப்பௌதிகவியலில் கலாநிதிப் படிப்பு: இசட் ஸ்கோர் மனதோடு விண்ணப்பிக்காதீர்கள்

இலங்கையில் உயர்தரம் எழுதியவர்களுக்கு, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் ஸ்கோர் புள்ளியின் பழக்கம் லேசில் போகாது. வெட்டுப்புள்ளிக்கு மேலே என்றால் உள்ளே, கீழே என்றால் வெளியே. கொழும்பிலிருந்து அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும்போதும் பலர் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்: ஜீபீஏ (பட்டப்படிப்புப் புள்ளிச் சராசரி) நல்லது, அப்போ தரவரிசையில் மேலே இருக்கும் பல்கலைக்கழகங்கள். அங்கே கேள்வியே வேறு. இவரை எந்த ஆய்வுகூடம் எடுக்கும்?

உயிர்களைப் பௌதிகவியல் முறைகளால் ஆராயும் உயிர்ப்பௌதிகவியல் ஓரிடத்தில் பௌதிகவியல் துறைக்குள் இருக்கும், இன்னோரிடத்தில் மருத்துவ பீடத்தில். பாடங்களும் அதற்கேற்ப மாறும். பெயரை மட்டும் பார்த்துப் போட்டால் விண்ணப்பக் கட்டணம்தான் வீண். கட்டண விலக்குக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதும் நோக்கக் கட்டுரையை "சிறுவயது முதலே விஞ்ஞானத்தில் ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். செய்ததை எழுதுங்கள். உதாரணமாக: "நுணுக்குக்காட்டி வீடியோவில் நுண்மணிகளின் அசைவை அளந்தேன். திரவம் ஒரு பக்கமாக ஓடியதால் பரவல் குணகம் கூடி வந்தது. எல்லா மணிகளின் சராசரி நகர்வைக் கழித்துத் திருத்தினேன்." இந்த மூன்று வரியும் ஒரு பக்கப் புகழுரையை விடப் பேசும்.

மெத்ஸ் படித்தவர் உயிரியல் தெரியாததை மறைப்பார், பயோ படித்தவர் கணிதத்தை. தேவையே இல்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976 இல் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் வாங்கிய பிறகுதான் உயிரியல் படிக்கப் போனார். கலத்துக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்கு நோபல் வந்தது 2009 இல்.

சிபாரிசுக் கடிதத்தை நவம்பர் கடைசியில் கேட்டால் "நல்ல மாணவர், ஒழுங்காக வருவார்" என்ற இரண்டு வரிதான் கிடைக்கும். செப்டெம்பரிலேயே போய், "சேர், என்னுடைய ப்ராஜெக்ட் பற்றி விரிவாக எழுதுவீங்களா?" என்று கேளுங்கள். சேர் தயங்கினால் வேறொருவரைப் பாருங்கள். பல இடங்களில் கடைசித் திகதி டிசம்பர் தொடக்கம். நியூயோர்க் நேரப்படி இரவு 11.59 என்றால் இங்கே மறுநாள் காலை 10.29, ஆனால் வங்கி அட்டை கட்டணத்தை மறுப்பதும் அந்த நேரத்தில்தான்.

பெப்ரவரியில் முதல் அழைப்பு வந்ததும் பதறி ஒப்புக்கொள்ள வேண்டாம். உதவித்தொகையோடு வரும் அழைப்புகளுக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருவது அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் வழக்கம்.

சேர்ந்த பிறகு நடக்கும் பெரிய தவறு, சில ஆய்வுகூடங்களில் மாறி மாறி வேலை செய்து பார்க்கும் முதல் வருடச் சுழற்சியில் பேராசிரியரின் புகழைப் பார்த்து ஆய்வுகூடத்தைத் தெரிவு செய்வது. அங்குள்ள மாணவர்களைத் தனியாகப் பிடித்து விசாரியுங்கள்: பட்டம் முடிக்க எத்தனை வருடம் ஆகிறது, இடையில் யார் விலகினார்கள், ஏன்?