முதலில் வாளியை எண்ணுங்கள்: பெங்களூரு மாடியில் கோடைத் தோட்டம் தொடங்கும் முறை

சிவராத்திரி கழிந்த வாரத்திலேயே அல்சூரில் எங்கள் மாடித் தரை காலை பத்து மணிக்குப் பாதத்தைச் சுடத் தொடங்கிவிடும். இரவில் மட்டும் இன்னும் போர்வை வேண்டியிருக்கும். பெங்களூரு ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். மார்ச்சில் பகல் வெப்பம் சராசரியாக 33 டிகிரி, ஏப்ரலில் 34 டிகிரி. சென்னைக்காரர்களுக்கு இது வெயிலாகவே தோன்றாது. ஆனால் இங்கே காற்றில் ஈரம் மிகக் குறைவு. தொட்டி மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது அந்த வறண்ட காற்றுதான்.

என் கணவரின் சித்தப்பா மகனும் அவன் மனைவியும் கல்யாணமாகி மர்பி டவுனில் குடியேறியிருக்கிறார்கள். "அண்ணி, நாங்களும் மாடியில் கீரை போடலாமா?" என்று போன ஞாயிறு கேட்டார்கள். போடலாம். இருவர் மட்டும் இருக்கும் வீடு, இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், வாடகைக் குடியிருப்பு, தொடங்குவதோ மார்ச் மாதம். இந்த நிலையில் எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முதல் படி: தண்ணீரை அளப்பது

தொட்டி வாங்க இப்போதே கிளம்ப வேண்டாம். சமையலறை சிங்குக்கு அடியில் ஒரு வாளியை வைத்து, மூன்று நாள் வீட்டுத் தண்ணீரை அளந்து பாருங்கள். அரிசி கழுவியது, பருப்பு களைந்தது, காய்கறியும் கீரையும் அலசியது எல்லாம் அந்த வாளியில் சேரட்டும்.

இதை நாங்கள் 2024இல் கற்றுக்கொண்டோம். அப்போது எங்கள் மாடியில் 22 தொட்டிகள் இருந்தன. குழாயைத் திறந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். அந்த ஆண்டு மார்ச்சில் ஊரெங்கும் ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. தோட்டத்துக்கும் வண்டி கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அது சரியான உத்தரவு என்றே நானும் நினைத்தேன். இங்கே குழாயில் வரும் காவிரி ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து குழாய் வழியே, மேட்டின் மேல் மேடாக ஏற்றப்பட்டு வருகிறது. அந்தத் தண்ணீரை வெண்டைக்காய்க்கு ஊற்ற மனம் வரவில்லை. ஆனால் 22 தொட்டிக்கும் வேறு தண்ணீர் இல்லை. பதினான்கு செடிகள் பதினைந்து நாளில் காய்ந்தன. மிஞ்சிய எட்டும் சமையலறை வாளியால் பிழைத்தவை.

அப்போது அளந்ததுதான் இன்றும் எங்கள் கணக்கு. இரண்டு பேர் சமையலில் அரிசியில் இரண்டு லிட்டர், பருப்பிலும் காயிலும் நான்கு லிட்டர், கீரை வாங்கிய நாளில் இன்னும் மூன்று லிட்டர். சராசரியாக நாளுக்கு எட்டு லிட்டர். ஓர் அடி ஆழத் தொட்டி மார்ச் வெயிலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கிறது. ஆகவே எங்கள் வீட்டுக்கு எட்டுத் தொட்டிதான். உங்கள் வாளியில் நாளுக்கு ஐந்து லிட்டர் சேர்ந்தால் ஐந்து தொட்டி வாங்குங்கள்.

எந்தத் தண்ணீர் ஆகும், எது ஆகாது என்பதிலும் கவனம் வேண்டும். உப்புப் போட்டு வேகவைத்த தண்ணீர் கூடாது. சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு ஊற்றக் கூடாது. கெட்டியான கஞ்சியை அப்படியே ஊற்றினால் மண் மேல் ஆடை போல் படிந்து எறும்பைக் கூட்டும். மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஊற்றலாம். அரிசி கழுவிய தண்ணீரை அன்றன்றே ஊற்றிவிடுங்கள், மறுநாள் புளித்துவிடும். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியே தள்ளும் தண்ணீரைப் பலரும் தோட்டத்துக்கு விடுகிறார்கள். வீட்டுக்கு வருவது காவிரித் தண்ணீரென்றால் பரவாயில்லை. ஆழ்துளைத் தண்ணீரென்றால், அதில் ஏற்கெனவே இருக்கும் உப்பு இன்னும் செறிவாகி வெளியேறும். தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்தால் அன்றே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் படி: இடம்

வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். ஈர மண்ணோடு ஒரு தொட்டி இருபது கிலோ வரை கனக்கும். அதனால் மாடியின் நடுவில் வைக்காமல் சுவரோரமாக, ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு செங்கல் கொடுத்து வையுங்கள். தண்ணீர் வழிந்து தளத்தில் தேங்காது, தரைச் சூடும் வேரைத் தொடாது.

கிழக்கு வெயில் பதினொரு மணி வரை விழும் இடம் மிக நல்லது. மேற்கு வெயில் மட்டும் விழும் பால்கனியென்றால் 50 சதவீத நிழல்வலை ஒன்று கட்டிவிடுங்கள். பழைய பருத்தி வேட்டியைக் கட்டினாலும் போதும். முதல் ஆண்டு நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

மூன்றாம் படி: மண் கலப்பது

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. ஒருவர் கொட்ட, ஒருவர் கிளற வேண்டும்.

செம்மண் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்கு மக்கிய சாண உரமோ ஒரு பங்கு. ஒரு தொட்டிக்கு இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு. மணல் வேண்டாம். மணலில் தண்ணீர் நிற்காது. கோடையில் நமக்கு ஈரம் தங்குவதுதான் முக்கியம். லால்பாக்குக்குப் பக்கத்தில் சித்தாபுரத்தில் நாற்றுப் பண்ணைகள் வரிசையாக இருக்கின்றன. இவை எல்லாமும் அங்கே கிடைக்கும். செம்மண்ணை "கெம்பு மண்ணு" என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள்.

தென்னைநார்க் கழிவைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கட்டியாக வரும் அதைத் தண்ணீரில் போட்டால் பல மடங்கு பெருகும். பெருகியதும் அப்படியே கலந்துவிடாதீர்கள். அதில் உப்புத்தன்மை இருக்கும். இரண்டு முறை தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கழுவாமல் கலந்த முதல் ஆண்டு எங்கள் சிறுகீரை முளைத்த ஐந்தாம் நாளே நுனி கருகி விழுந்தது. வெயில்தான் காரணம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றினேன். காரணம் தெரிய ஒரு மாதம் ஆயிற்று.

மண்ணைத் தொட்டியின் வாய் வரை நிரப்பாதீர்கள். மூன்று விரல் அளவு காலியாக விடுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலை பரப்பி மூடாக்குப் போட அந்த இடம் வேண்டும்.

நான்காம் படி: எதை விதைப்பது

எட்டுத் தொட்டியென்று வைத்துக்கொள்வோம். எங்கள் பங்கீடு இது: கீரைக்கு மூன்று, வெண்டைக்கு மூன்று, கொடிப்பசலைக்கு ஒன்று, புதினாவுக்கு ஒன்று.

தக்காளி போட ஆசை வரும். தக்காளிச் செடி ஜனவரியிலேயே நட்டிருந்தால்தான் நல்லது. இப்போது நட்டால் பூக்கும் நேரத்தில் உச்ச வெயில் வந்து பூ உதிரும். கொத்தமல்லியையும் இப்போது விட்டுவிடுங்கள். வளர்ந்த வேகத்திலேயே பூத்துவிடும். மழைக்காலம் முடிந்து போட்டால் அருமையாக வரும்.

கீரையில் தொடங்குங்கள். புதிதாகக் கல்யாணமானவர்களுக்குக் கீரைதான் ஏற்றது, ஏனென்றால் பலன் சீக்கிரம் கைக்கு வரும். விதை கடுகைவிடச் சிறியது. ஒரு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி மெல்லிய மண்ணோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. மேலே கால் அங்குல மண். தண்ணீரைப் பூவாளியால்தான் தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் விதை எல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும். மூன்று நான்கு நாளில் முளைக்கும். சிறுகீரையை 25 நாளில் வேரோடு பறிக்கலாம். அரைக்கீரையைத் தண்டோடு வெட்டி எடுத்தால் மறுபடி துளிர்க்கும். மூன்று தொட்டியிலும் ஒரே நாளில் தூவாதீர்கள். பத்து நாள் இடைவெளி விட்டால் பத்து நாளுக்கு ஒரு முறை பொரியலுக்குக் கிடைக்கும். கடையில் தமிழ் புரியவில்லையென்றால் "ஹரிவே சொப்பு" என்று கேளுங்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்கா சுகுணா என்ற ரகம் திரும்பத் திரும்ப வெட்ட ஏற்றது.

வெண்டை வெயிலை விரும்பும் செடி. விதையை இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் விரல் கணு ஆழத்தில் ஒரு தொட்டிக்கு மூன்றாக ஊன்றுங்கள். முளைத்து நான்கு இலை விட்டதும், வலுவான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும். என் கணவருக்கு இன்றும் இது கஷ்டமான காரியம். முளைத்த செடியை வெட்ட அவருக்குக் கை வராது. அதனால் எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் என் பொறுப்பு. ஊன்றி ஐம்பது நாளையொட்டி முதல் காய் வரும். அதன்பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும், விட்டால் முற்றிவிடும். இதிலும் ஹெசரகட்டா ரகம் உண்டு: அர்கா அனாமிகா. வெண்டை இலையின் நரம்பெல்லாம் மஞ்சளாகும் நோயைத் தாங்குவதற்காக உருவாக்கப்பட்டது. மூன்று செடியில் இருவருக்கு வாரம் ஒரு முறை சாம்பாருக்குக் காணும், அவ்வளவுதான். அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

கொடிப்பசலைக்கும் புதினாவுக்கும் விதை வாங்கவே தேவையில்லை. சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து தடித்த தண்டுகளை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்ணீர்க் குவளையில் சமையலறை ஜன்னலில் வையுங்கள். ஒரு வாரத்தில் வேர் விடும். புதினாவை நிழலான மூலையிலும் பசலையைக் கைப்பிடிச் சுவரோரமும் நடலாம்.

நாற்று ஒரு சாண் உயர்ந்ததும் மூடாக்குப் போடுங்கள். காய்ந்த இலை, தேங்காய் மட்டை நார், கரும்புச் சக்கை, எது கிடைத்தாலும் சரி, இரண்டு விரல் கனத்துக்கு. மார்ச்சில் தெருவெல்லாம் இலை உதிர்ந்து கிடக்கும். பெருக்குகிறவர்கள் குவித்து வைத்ததிலிருந்து ஒரு பை கேட்டு வாங்கி வருவோம். மூடாக்குப் போட்ட தொட்டிக்கும் போடாத தொட்டிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வெயில் நாளின் மாலையில் விரலை விட்டுப் பார்த்தாலே உணர்வீர்கள்.

ஐந்தாம் படி: யார் ஊற்றுவது

இரண்டு பேர் இருக்கும் வீட்டில் செடி காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம் என்பது என் அனுபவம். காலை ஆறரைக்கு நான் ஊற்றுவேன். நான் ஊற்றியது தெரியாமல் ஏழு மணிக்கு அவரும் ஆசையாக ஊற்றுவார். அடுத்த நாள் "நீ ஊற்றியிருப்பாய் என்று நினைத்தேன்" என்று இருவருமே விட்டுவிடுவோம். வெண்டைச் செடி ஒன்றின் தண்டு அடியில் கறுத்து விழுந்த பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம்.

மாடிப்படியின் கடைசிப் படியில் ஒரு கொட்டாங்குச்சி இருக்கும். தண்ணீர் ஊற்றியவர் அதைக் கவிழ்த்துவிட வேண்டும். இரவு கதவு பூட்டுகிறவர் நிமிர்த்தி வைக்க வேண்டும். கவிழ்ந்திருந்தால் வாளியைத் தூக்க வேண்டாம். மூன்று ஆண்டுகளாக இது தவறவில்லை. ஒருவர் ஊரில் இல்லாத நாளில்கூட மற்றவர் கவிழ்க்க மறப்பதில்லை.

ஊற்றும் நேரம் காலை எட்டு மணிக்குள். கொட்டாங்குச்சி நிமிர்ந்திருந்தாலும் ஒவ்வொரு தொட்டியிலும் மூடாக்கை விலக்கி விரலை இரண்டாம் கணு வரை விடுங்கள். ஈரம் தட்டினால் அன்று அதற்கு வேண்டாம், அந்தப் பங்கு பக்கத்துத் தொட்டிக்கு. மதியம் இலை தொங்கினால் பதறாதீர்கள். மாலையில் தானாக நிமிர்ந்தால் செடி நலமாக இருக்கிறது. மாலையிலும் தொங்கினால்தான் தண்ணீர் வேண்டும்.

ஆறாம் படி: பூச்சி

வாரம் ஒரு முறை இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். வறண்ட காற்றில் சிவப்புச் சிலந்திப் பேன் வரும். மெல்லிய வலையும் மஞ்சள் புள்ளியும் அடையாளம். வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் இரண்டு துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். தெளித்த கீரையை ஒரு வாரம் கழித்து நன்றாக அலசிச் சமைக்கலாம். அலசிய தண்ணீர் மறுபடி வாளிக்கு.

ஏழாம் படி: முதல் மழை

ஏப்ரல் பாதியில் ஒரு மாலை, ஜன்னல் கதவுகள் படபடக்க இடியோடு மழை வரும். இங்கே அதை மாம்பழ மழை என்பார்கள். சில நேரம் ஆலங்கட்டியும் விழும். வானம் கறுத்ததும் கீரைத் தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரின் மறைவுக்கு நகர்த்துங்கள், அதற்காகத்தான் தொட்டி சின்னதாக இருக்க வேண்டும். நிழல்வலையை ஒரு பக்கம் அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். மாடியில் காலியான வாளி, அண்டா, குடம் எது இருந்தாலும் பரப்பி வையுங்கள். பிடித்த தண்ணீரை மூடி வைக்காவிட்டால் கொசு வரும். போன ஆண்டு முதல் மழையில் நாங்கள் இருவரும் நனைந்துகொண்டே நாற்பது லிட்டர் பிடித்தோம். ஐந்து நாளைக்கு வந்தது.

மறுநாள் காலை தொட்டிகளின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். பிறகு கீழே வந்து, யாரும் ஊற்றாவிட்டாலும், கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வையுங்கள்.