இலையுறை கருகல்: நீர்க்கோட்டில் கிடைத்த விடை

நெல் தூர்களில் சாம்பல் நிறப் புள்ளிகள், விளிம்பு பழுப்பு: இலையுறை கருகல் நோய். பூஞ்சைக்கொல்லி தெளித்ததும் அடங்கிய நோய் திரும்பி வந்தது. நோய்ப் பூஞ்சையை அடக்கும் பாக்டீரியாவான சூடோமோனாஸை இலைமேல் அடித்துப் பார்த்தேன், பலனில்லை.

பிறகுதான் கவனித்தேன்: புள்ளிகள் எல்லாமே தேங்கிய நீரின் மட்டத்தை ஒட்டியே தொடங்கியிருந்தன. இந்நோயைத் தரும் ரைசோக்டோனியா பூஞ்சையின் உருண்டைகள், கடுகைப் போல, நீரில் மிதந்து தூரில் ஒட்டிக்கொள்கின்றன. அங்கே மருந்தே போய்ச் சேரவில்லை!

நீரை வடித்தேன். லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளிப்பானின் முனையைத் தூருக்குள் திருப்பி அடித்தேன். வெயிலில் பாக்டீரியா மடிந்துவிடும். தாமிர மருந்தோடு கலக்கவும் கூடாது. தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தையும் நிறுத்தினேன். புதிய தூர்களில் புள்ளி ஏறவில்லை, அப்பாடா என்றிருந்தது.

அடுத்த நடவுக்கு விதையிலேயே தொடங்குகிறேன்: கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ்.