காலி கோட்டைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: இரண்டு நாள் திட்டம்

இலங்கையின் தென்மேற்குக் கரையில் இருக்கும் காலி நகரத்தைப் பெரும்பாலானோர் கொழும்பிலிருந்து காலையில் போய், மாலையில் திரும்பும் ஊராகத்தான் பார்க்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நண்பகல் வெயிலில் கோட்டைச் சுவர் மேல் நிற்கவே முடியாது. ஊர் அழகாக இருப்பது மாலையிலும் விடியற்காலையிலும்தான். ஓர் இரவு கோட்டைக்குள்ளேயே தங்குவது என்று முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம். அப்போது கோட்டையைப் பார்க்கலாம், ஆனால் கடலில் இறங்க நினைக்க வேண்டாம்.

படி 2: கொழும்பில் ஒரு கல்லைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் காலியிலிருந்து வந்த மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு சேர்ந்தது, 1409ஆம் ஆண்டு தேதியிட்டது. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். சீனப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கும் காணிக்கை சொல்கிறது. ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்கு முன்பே இந்தத் துறைமுகத்தில் தமிழ் எழுதினால் படிக்க ஆள் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இதைப் பார்த்துவிட்டுப் போனால் காலி வெறும் டச்சு ஊராகத் தெரியாது.

படி 3: ரயிலில் போங்கள்

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து ரயில் ஏறுங்கள். வலப்பக்கம் உட்கார்ந்தால் வழியில் நெடுந்தூரம் கடல் கூடவே வரும். இரண்டு, மூன்று மணி நேரப் பயணம். காலி நிலையத்தில் இறங்கியதும் ஆட்டோ தேவையில்லை. கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டினால் கோட்டை. 2004 சுனாமியில் இந்த மைதானமும் பக்கத்துப் பேருந்து நிலையமும் சிதைந்துபோயின. கோட்டைக்குள் பாதிப்பு குறைவு, சுவர்கள்தான் காப்பாற்றின.

படி 4: மாலை, சுவர் மேல் நடை

வெயில் தணிந்த பிறகு கலங்கரை விளக்கத்தில் தொடங்குங்கள். சுவர் மேல் நடக்கக் கட்டணம் கிடையாது. அங்கிருந்து கொடிப்பாறை (Flag Rock) வழியாக மேற்குச் சுவரில் ஏறி, மணிக்கூண்டு வரை. இந்தத் திசையில் நடந்தால் கடல் எப்போதும் இடது கையில் இருக்கும், சூரியன் அதில்தான் இறங்கும். கொடிப்பாறையிலிருந்து கடலில் குதித்துக் காட்டிக் காசு கேட்கும் இளைஞர்கள் இருப்பார்கள். கீழே முழுக்கப் பாறை. குதிக்கச் சொல்லாதீர்கள், நீங்களும் முயல வேண்டாம். சுவருக்குப் பல இடங்களில் கைப்பிடி இல்லை, குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

1588இல் போர்த்துகீசியர் தொடங்கிய கோட்டை இது. 1640இல் பிடித்த டச்சுக்காரர்கள்தான் இன்று நாம் பார்க்கும் அளவுக்குப் பெருக்கிக் கட்டினார்கள். 1796இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

படி 5: விடியற்காலை, தெருக்கள்

கடைகள் திறக்கும் முன் பழைய வாசலுக்குப் போங்கள். வெளிப்பக்கம் ஆங்கிலேய அரசின் சின்னம். உள்ளே நுழைந்து திரும்பி, தலையைத் தூக்கிப் பாருங்கள்: இரண்டு சிங்கங்கள், நடுவில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் VOC என்ற எழுத்துகள், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. பலர் திரும்பிப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

அப்புறம் 1755ஆம் ஆண்டு டச்சு தேவாலயம். அதன் தரையில் பதித்திருப்பது கல்லறைக் கற்கள். சிலவற்றில் மண்டையோடு செதுக்கியிருக்கிறது. கலங்கரை விளக்கத்துக்கு எதிரே வெள்ளையாகத் தேவாலயம் போலத் தெரிவது மீரான் ஜும்மா பள்ளிவாசல். தோள், கால் மூடும் உடை அணிந்து, தொழுகை இல்லாத நேரத்தில், கேட்டுவிட்டு உள்ளே போகலாம். கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக வாழும், தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு, ஆகவே தமிழிலேயே வழி கேட்டுப் பாருங்கள். இது காட்சிக்கு வைத்த ஊர் அல்ல, மக்கள் குடியிருக்கும் ஊர். திண்ணையில் ஏறிப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மதியம் சோறும் கறியும் சாப்பிடுங்கள். கொறுக்காய்ப் புளி போட்டு வற்றவைத்த அம்புல்தியல் மீன் இருந்தால் விடாதீர்கள்.

படி 6: கடற்கரை

ஐந்து கிலோமீட்டர் தெற்கே உனவட்டுன. ஆட்டோவில் ஏறும் முன் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். விரிகுடாவின் வாயில் பாறைத்திட்டு இருப்பதால் அலை அடங்கி வரும், முதல்முறை கடலில் குளிப்பவர்களுக்கு ஏற்றது. கூட்டம் வேண்டாம் என்றால் ரூமஸ்ஸல குன்றின் அடியில் ஜங்கிள் பீச் என்ற சின்னக் கரை இருக்கிறது. சற்று இறங்கி நடக்க வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள். மாலை ரயிலின் நேரத்தை முதல் நாளே நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் நிற்கக்கூட இடம் கிடைப்பது கடினம், அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள்.